மூடியில் 91, பங்க்கிலும் 91: ஆக்டேன் எண்ணால் நான் பட்ட பாடு

பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரை யாரும் படிப்பதில்லை என்பார்கள். நான் கார் வாங்கிய அன்றே படித்தேன். குறைந்தது 91 என்று போட்டிருந்தது. பங்க்கில் 91, 95, 98 என்று மூன்று வகை. கார் கேட்பது 91, பங்க்கில் இருப்பதும் 91, விலை குறைந்ததும் அதுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். காரை விற்றவர் அதையே சொன்னார். முதலில் பார்த்த மெக்கானிக்கும் அதையே சொன்னார். பங்க்கில் இருந்த பையன் ஸ்டிக்கரை எட்டிப் பார்த்துவிட்டு அதே குழாயை எடுத்தான். அந்த இரண்டு 91-ம் வேறு வேறு அளவுகோல்களில் எழுதப்பட்டவை என்று ஒரே ஒருவர் சொல்லியிருந்தால் போதும், ஒரு கோடைக்காலத்தின் நிம்மதியும் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேலும் எனக்கு மிச்சமாகியிருக்கும். இதே வலையில் இன்னொருவர் மாட்டக்கூடாது என்பதற்காகத்தான் நீளமாக எழுதுகிறேன்.

கார் செகண்ட் ஹேண்ட். டர்போ இன்ஜின், சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. வேறொரு நாட்டுச் சந்தைக்காகத் தயாராகி, அங்கே சில வருடம் ஓடி, பிறகு கப்பல் ஏறி வந்தது. இப்படி வரும் கார்கள் விலையில் கொஞ்சம் இறங்கித்தான் கிடைக்கும். வாங்குகிறவர்கள் எல்லாம் விபத்தில் அடிபட்டதா, வெள்ளத்தில் மூழ்கியதா, கிலோமீட்டரைத் திருப்பி வைத்தார்களா என்று பார்ப்போம். நானும் பார்த்தேன், எல்லாம் சுத்தமாக இருந்தது. கூட வரவேண்டிய புத்தகம் மட்டும் இல்லை. அது ஒரு குறையாகவே அப்போது தெரியவில்லை. காருக்குள் தொடுதிரை இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, புத்தகத்தை யார் புரட்டப் போகிறார்கள்?

குளிர்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. வெயில் ஏற ஏறத்தான் ஆரம்பித்தது. முதலில் ஒரு மந்தம். சிக்னலில் இருந்து எடுக்கும்போது வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுக் கிளம்புவது போல இருக்கும். அப்புறம் மைலேஜ் குறைந்தது. ஏசி ஓடுகிறது, ட்ராஃபிக் அதிகம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் குடும்பத்தோடு, பின்னால் நிறையச் சாமான்களோடு ஒரு நீண்ட மேட்டில் ஏறும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும், இன்ஜின் பக்கம் இருந்து. காலை எடுத்தால் நின்றுவிடும். மனைவி பேசிக்கொண்டே வந்தவள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்க, ஓரமாக ஊர்ந்து ஊர்ந்து மேலே போய்ச் சேர்ந்தேன். சேமிப்பைப் போட்டு வாங்கிய கார். இன்ஜின் போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

அந்தச் சத்தத்துக்குப் பெயர் நாக்கிங். அது எப்படி உண்டாகிறது என்று தெரிந்திருந்தால் அடுத்து வந்த செலவு பாதியாகக் குறைந்திருக்கும், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே வந்து அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ பிளக் முனையில் தொடங்கி ஓரங்கள் வரை ஒழுங்காகப் பரவ வேண்டும். ஆனால் எதையும் அழுத்தினால் சூடாகும். தீ வந்து சேர்வதற்குள், ஓரத்தில் காத்திருக்கும் கலவை அந்த அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடித்துவிட்டால் அதிர்வலை சுவரில் மோதும். நமக்குக் கேட்பது அந்த மோதல்தான். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு சூடு வரை பெட்ரோல் தானாகப் பற்றாமல் பொறுத்திருக்கும் என்பதைச் சொல்வதுதான் ஆக்டேன் எண். அவ்வளவுதான் அதன் வேலை. பெட்ரோல் எவ்வளவு சுத்தம், அதில் எவ்வளவு சக்தி என்று அது எதுவும் சொல்லாது. வெயில், ஏசி, பாரம், மேடு எல்லாம் ஒன்று சேரும்போதுதான் எனக்குச் சத்தம் கேட்டது என்பதும் இதனால்தான். உள்ளே வரும் காற்றே சூடு, அதை டர்போ வேறு அமுக்கி இன்னும் சூடாக்குகிறது, இன்ஜினுக்கும் முழு சுமை.

முதல் வொர்க்‌ஷாப்பில் ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். ‘சார், காயிலும் வீக்காக இருக்கிறது’ என்று, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் நான்கையும் மாற்றினார்கள். பிளக் மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை, மாற்ற வேண்டிய காலம்தான். காயில் பழுதானால் ‘மிஸ்ஃபயர்’ ஆகும், அதாவது கலவை சரியாகப் பற்றாமல் போகும், வண்டி குலுங்கும், பெரும்பாலும் செக் இன்ஜின் விளக்கு எரியும். எனக்கு அப்படி எதுவும் இல்லை. சந்தேகம் இருந்தால் காயில்களைச் சிலிண்டர் மாற்றிப் போட்டு, கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்ப்பது காசு செலவில்லாத சோதனை. நான்கையும் ஒரே நாளில் மாற்றச் சொன்னால் இந்தச் சோதனையைச் செய்தீர்களா என்று கேளுங்கள்.

சத்தம் போகவில்லை. அடுத்து ஒரு கடையில் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் தந்தார்கள். ‘5 பாயின்ட் ஏற்றும்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. 91 அப்படியே 96 ஆகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்தத் தொழிலில் ஒரு பாயின்ட் என்றால் பத்தில் ஒரு பங்கு. 5 பாயின்ட் என்பது 0.5. அதாவது 91 போய் 91.5 ஆகும், அதற்கு அந்த விலை. சில பூஸ்டர்களில் இரும்பு சேர்ந்த ஃபெரோசீன் அல்லது மாங்கனீசு சேர்ந்த எம்.எம்.டி. இருக்கும். அவை எரிந்தபின் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் செம்மண் நிறத்தில் படியும், அதிகமாகப் படிந்தால் பொறியே சரியாக விழாது. புதிதாகப் போட்ட என் பிளக்குகள் பிறகு வெளியே வந்தபோது அந்த நிறத்தில்தான் இருந்தன. பாட்டில் பாட்டிலாக வாங்கி ஊற்றிய காசுக்கு அந்தக் கோடை முழுவதும் பங்க்கில் உயர்ந்த வகை பெட்ரோலையே நிரப்பியிருக்கலாம்.

இரண்டாவது வொர்க்‌ஷாப் பெரியது, பளபளப்பானது. ஸ்கேனரை மாட்டினார்கள். நாக் சென்சார் அடிக்கடி சிக்னல் தருகிறது, சென்சார் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். இதை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வரும். நாக் சென்சார் என்பது இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு சின்ன மைக் மாதிரி. உள்ளே ஒரு படிகம் இருக்கும், நாக்கிங் அதிர்வு வந்தால் மின்சாரத் துடிப்பு தரும். உடனே இன்ஜினின் கம்ப்யூட்டர் பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், நாக்கிங் அடங்கும். என் காரில் அது அடிக்கடி சிக்னல் தந்ததென்றால் இன்ஜின் நிஜமாகவே அடிக்கடி தட்டிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். இன்ஜினைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரே பொருளைக் கழற்றிப் போட்டுவிட்டு அதற்குக் கூலியும் வாங்கினார்கள். சென்சாரின் விலை பெரிதில்லை, அது ஒளிந்திருக்கும் இடம்தான் பிரச்சினை. இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் கை போகும், கூலி பலமடங்கு. அந்த போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்துக் கம்பெனி சொன்ன இறுக்கத்தில்தான் முடுக்க வேண்டும், பல கார்களில் அது 20 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். கூடினாலும் குறைந்தாலும் சென்சார் தப்பாகக் கேட்கும். உங்களுக்கும் இதே யோசனையைச் சொன்னால், சென்சார் கெட்டதற்கான கோட், அதாவது கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு எண், வந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சர்க்யூட் கோளாறு என்றால் ‘பி0325’ போன்ற கோட் பதிவாகியிருக்கும். கோட் இல்லாமல் வெறும் சிக்னல் அதிகம் என்றால் சென்சாரைக் குற்றம் சொல்ல முடியாது.

புது சென்சாரும் அதே கதையைச் சொன்னது. மூன்றாவதாக ஒருவர் இன்ஜினைத் திறந்து வால்வில் படிந்த கரியை எடுக்கலாம் என்றார். அந்தத் தொகையைக் கேட்டபிறகுதான் நிதானம் வந்தது, இனி தெரியாமல் ஒரு காசு செலவு செய்வதில்லை என்று உட்கார்ந்தேன். கம்பெனியின் இணையதளத்தில் அதே மாடல், அதே இன்ஜினுக்கான கையேட்டை இறக்கிப் பார்த்தேன். நான் வசிக்கும் நாட்டில் விற்கும் காருக்கான கையேடு அது. எரிபொருள் பக்கத்தில் குறைந்தது 95 என்றிருந்தது. என் மூடியிலோ 91. இன்ஜின் வகைக் குறியீடு வரை ஒத்துப் பார்த்தேன், ஒன்றேதான். அப்புறம் என் கார் முதலில் விற்கப்பட்ட நாட்டின் கையேட்டையும் இறக்கினேன். அதில் 91 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு சூத்திரம்: ஆர் கூட்டல் எம், வகுத்தல் இரண்டு. டார்ச் அடித்து மூடியைத் துடைத்துப் பார்த்தால், அங்கேயும் அழுக்குக்கு அடியில் அதே சூத்திரம் இருந்தது. நிம்மதியும் கோபமும் ஒன்றாக வந்தன. இத்தனை பேர் கையில் போன கார், ஒருவர் கண்ணிலும் இது படவில்லை.

விஷயம் இதுதான். ஆக்டேனை அளக்கச் சோதனைக்கூடத்தில் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று ரிசர்ச் முறை, சுருக்கமாக ஆர்.ஓ.என். சோதனை இன்ஜினை நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில், இதமான நிலையில் ஓட்டிப் பார்ப்பார்கள். இன்னொன்று மோட்டார் முறை, எம்.ஓ.என். இதில் 900 சுற்று, உள்ளே போகும் கலவையை 149 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிக் கசக்கிப் பிழிவார்கள். அதே பெட்ரோலுக்கு இரண்டாவது முறையில் எண் வழக்கமாக 8 முதல் 10 வரை குறைவாக வரும். ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஆசியாவின் பெரும்பகுதி எல்லாம் முதல் எண்ணை மட்டும் பங்க்கில் போடுகின்றன. அமெரிக்காவும் கனடாவும் இரண்டின் சராசரியைப் போடுகின்றன, என் மூடியில் இருந்த சூத்திரம் அதுதான், அதற்கு ஏ.கே.ஐ. என்று பெயர். ஆக, அமெரிக்கப் பங்க்கின் 87 என்பது மற்ற இடங்களின் 91 அல்லது 92. அங்கே 91 என்பது இங்கே 95, 96. அங்கே 93 என்பது இங்கே 98. தோராயமாக 4 அல்லது 5 எண் வித்தியாசம். நான் ஊற்றிக்கொண்டிருந்த 91 அந்த நாட்டுக் கணக்கில் வெறும் 87, அங்கே கிடைப்பதிலேயே சாதாரண வகை. என் இன்ஜினோ உயர்ந்த வகையைக் குறைந்தபட்சமாகக் கேட்கிற இன்ஜின்.

இதற்கு நேரெதிரான குழப்பமும் உண்டு. ஆர்.ஓ.என். 95 கேட்கும் காரை ஓட்டிப் பழகியவர் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போய், 95 எங்கே என்று பங்க் பங்க்காகத் தேடுவார், பெரும்பாலும் கிடைக்காது. அவருக்கு அங்கே 91 போதும். எண்ணைப் பார்க்கும் முன் எந்த அளவுகோல் என்று பாருங்கள். இறக்குமதி காரானால், தயாரான சந்தை எது என்பதை முதலில் தெரிந்துகொண்டு, இரண்டு நாட்டுக் கையேட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் இலவசமாகக் கிடைக்கும்.

ஆக்டேன் அளவுகோலின் பூஜ்ஜியமும் நூறும் எங்கிருந்து வந்தன என்பது ஒரு ரசமான கிளைக்கதை. 1920களில் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் வகுத்த அளவுகோல் அது. நன்றாகத் தாக்குப்பிடிக்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100, தொட்டால் வெடிக்கும் நார்மல் ஹெப்டேனுக்கு 0. ஒரு பெட்ரோலுக்கு 91 என்றால் 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எப்படித் தட்டுமோ அப்படித் தட்டும் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் சுத்தமான ஹெப்டேனை ஜெஃப்ரி பைன் என்ற மரத்தின் பிசினிலிருந்து எடுத்தார்களாம். எண்ணை மலிவாக ஏற்ற 1921இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த வழி ஈயம் கலப்பது. கார் பெட்ரோலில் இருந்து அந்த விஷத்தை உலகம் முழுக்க ஒழிக்க 2021 வரை ஆனது, கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா. சரி, என் காருக்கு வருகிறேன்.

95 நிரப்பிய உடனே அதிசயம் நடக்கவில்லை. டேங்க்கில் பழைய 91 பாதி இருந்தது. பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய நடுவில், 93 அளவில்தான் நிற்கும். கம்ப்யூட்டரும் இத்தனை நாள் பயந்து பயந்து பொறியைத் தள்ளிப்போட்டுப் பழகியது, ஒரேயடியாக நம்பிவிடாது. அடுத்த முறை நிரப்பி ஓட்டிய பிறகுதான் மந்தம் போனது. சத்தம் அடியோடு நின்றது. மைலேஜும் ஏறியது. பொறி தாமதமாக விழுந்தால் எரிதல் பிந்துகிறது, பிஸ்டனைத் தள்ள வேண்டிய சக்தி சூடாக எக்ஸாஸ்ட்டில் போகிறது, அந்தச் சூட்டைத் தணிக்கக் கம்ப்யூட்டர் அதிகப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. விலை குறைந்த பெட்ரோலை வாங்கி, அதை அதிகமாகக் குடிக்கவிட்டு, நான் ஒன்றும் மிச்சப்படுத்தவில்லை.

மனசு சமாதானமாக காரின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கும் ஒரு மலிவான ஓபிடி ஸ்கேனர் வாங்கி போனில் இணைத்தேன். இந்த அலைச்சலில் உருப்படியான செலவு அது ஒன்றுதான். அதில் ‘டைமிங் அட்வான்ஸ்’, அதாவது பொறி எத்தனை டிகிரி முன்னதாக விழுகிறது என்ற எண் தெரியும். ஒரே மேடு, ஒரே கியர், ஏறக்குறைய ஒரே வெயில், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக் குறிக்கச் சொல்லிப் பார்த்தால், எந்தப் பெட்ரோலில் கம்ப்யூட்டர் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். 95-லிருந்து 98-க்கு மாறியும் பார்த்தேன். சாதாரண நாட்களில் எண்ணில் வித்தியாசமே இல்லை. கடும் வெயிலில், முழு பாரத்தோடு ஏறும்போது மட்டும் ஓரிரண்டு டிகிரி. அதனால் தினசரிக்கு 95, கோடையில் சாமான்களோடு தூரப் பயணம் என்றால் 98 என்று வைத்துக்கொண்டேன்.

இந்தக் கதையைக் கேட்ட என் மச்சான் அவனுடைய சின்ன காரில் 98 ஊற்ற ஆரம்பித்துவிட்டான். டர்போ இல்லாத சாதாரண இன்ஜின், அதன் கையேடு ஆர்.ஓ.என். 91 போதும் என்கிறது. ‘மச்சான், வண்டி பறக்குது’ என்றான். ஸ்கேனரை எடுத்துப்போய் மாட்டினேன், டைமிங் ஒரு இம்மியும் நகரவில்லை. தட்டாத இன்ஜினுக்குத் தட்டாமல் தடுக்கும் மருந்து எதற்கு? உயர்ந்த ஆக்டேன் என்றால் அதிக சக்தி என்ற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் மூலம். இரண்டு வகையிலும் லிட்டருக்கு இருக்கும் சக்தி ஏறக்குறைய ஒன்றே. எத்தனாலை எடுத்துக்கொண்டாலே தெரியும். அதன் ஆர்.ஓ.என். 109 அளவில், ஆனால் அதே அளவு பெட்ரோலை விட அதில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. அமெரிக்காவில் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2016இல் சோதித்து, சாதாரண வகை போதும் என்று கம்பெனி சொன்ன கார்களில் உயர்ந்த வகையால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை என்றது. அடுத்த வருடம், உயர்ந்த வகையைப் பரிந்துரைக்கும், ஆனால் கட்டாயமாக்காத கார்களைச் சோதித்தார்கள். சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதமும் குதிரைத்திறன் 1.4 சதவீதமும் கூடியது. விலை வித்தியாசம் இதைவிட அதிகம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். மச்சான் இன்னும் 98தான் போடுகிறான், அது வேறு விஷயம்.

ஆகவே கையேட்டில் எண்ணோடு சேர்த்து அதற்கு முன்னால் இருக்கும் வார்த்தையையும் படியுங்கள். ‘குறைந்தபட்சம்’, ‘கட்டாயம்’ என்றால் அதற்குக் கீழே போகக்கூடாது. ‘பரிந்துரை’ என்றால் கீழே போனாலும் இன்ஜின் சமாளிக்கும், கொஞ்சம் திறன் குறையும். இன்னொன்று, பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற கம்ப்ரஷன் விகிதத்தை வைத்து ஆக்டேனைக் கணக்குப் போடும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். கார்புரேட்டர் காலத்து இன்ஜினுக்கு அது ஓரளவு சரி. இப்போது மஸ்டா என்ற கார் கம்பெனி 13-க்கு 1 என்ற விகிதத்தில் செய்த இன்ஜினை அமெரிக்காவில் சாதாரண 87-லேயே ஓடவிட்டது. அதே சமயம் டர்போ இன்ஜின்கள் 10-க்கு 1 என்று அடக்கமாக எழுதிக்கொண்டு உயர்ந்த வகையைக் கேட்கும். ‘ஹை கம்ப்ரஷன்னா பிரீமியம் போடணும்’ என்று யாராவது ஒற்றை வரியில் சொன்னால் சிரித்துவிட்டுக் கையேட்டைத் திறங்கள்.

சுத்தம் செய்யும் குணத்தையும் ஆக்டேனோடு போட்டுக் குழப்புகிறார்கள். கரி படியாமல் பார்த்துக்கொள்வது பெட்ரோலில் கலக்கும் டிட்டர்ஜென்ட்டின் வேலை. நல்ல பங்க்கில் சாதாரண வகையிலும் அது இருக்கும். அமெரிக்காவில் 2004இல் சில கார் கம்பெனிகள் சேர்ந்து தொடங்கிய ‘டாப் டியர்’ தரம், எல்லா வகைப் பெட்ரோலிலும் போதுமான டிட்டர்ஜென்ட் இருக்கவேண்டும் என்கிறது. நேரடிப் பீய்ச்சல் இன்ஜினில் இன்டேக் வால்வின் மேல் பெட்ரோலே படுவதில்லை, அதனால் எந்தப் பெட்ரோலும் அந்தக் கரியைக் கழுவாது. என்னிடம் கரி எடுக்கச் சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நிறைய ஓடிய இன்ஜினில் கரி சேரத்தான் செய்யும். எரியும் அறைக்குள் சேர்ந்தால் இடம் குறைந்து அழுத்தம் கூடும், சூடும் தங்கும், அதனால் ஆக்டேன் தேவையும் ஏறும். எனக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

சரியான பெட்ரோல் போட்டும் தட்டுகிறது என்றால் எண்ணை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். கூலன்ட் குறைந்து இன்ஜின் சூடேறுகிறதா, எங்காவது குழாய் விரிசலில் காற்று புகுந்து கலவை மெலிந்துவிட்டதா, எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு அடைத்திருக்கிறதா, யாராவது தப்பான வெப்ப அளவுள்ள பிளக்கைப் போட்டுவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். உயர்ந்த பெட்ரோல் ஊற்றினால் இவையெல்லாம் சத்தமில்லாமல் வளரும், அதுதான் ஆபத்து. ஓட்டும் முறையும் உண்டு. பெரிய கியரில், மிகக் குறைந்த வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மேடு ஏற்றுவது டர்போ இன்ஜினுக்கு ஆகவே ஆகாது. பொறி விழுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் எல்.எஸ்.பி.ஐ. என்ற கோளாறு அந்த நிலையில்தான் வரும். அது ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடும், ஆக்டேன் மட்டும் அதைத் தடுக்காது. இன்ஜின் ஆயிலுக்கும் இதில் பங்கு உண்டு. ஏ.பி.ஐ. என்ற அமெரிக்க அமைப்பு வகுத்து 2020இல் வந்த ‘ஏ.பி.ஐ. எஸ்.பி.’ தர ஆயில்கள் இதற்கான சோதனையைத் தாண்டி வந்தவை. ஆயில் மாற்றும்போது டப்பாவில் அந்த எழுத்துகளைத் தேடுங்கள், கையேடு சொல்லும் தரமும் தடிமனும் ஒத்துவந்தால்.

கடைசியாக, வழியில் குறைந்த வகை மட்டுமே கிடைக்கிறது என்றால் என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். பயப்பட வேண்டாம். நாக் சென்சார் உள்ள கார் கொஞ்ச தூரத்துக்குச் சமாளிக்கும். அடுத்த பங்க் வரை போகத் தேவையானதை மட்டும் ஊற்றுங்கள், ஃபுல் டேங்க் வேண்டாம். டர்போவை முழுதாக வேலை வாங்காமல், ஒரு கியர் குறைத்து, இன்ஜினைக் கொஞ்சம் சுதந்திரமாகச் சுற்றவிட்டு மெதுவாகப் போங்கள். மேட்டில் ஏசியை நிறுத்திவிட்டால் சுமையும் குறையும். நல்ல வகை கிடைத்ததும் மேலே நிரப்பிக்கொள்ளலாம். பழைய பெட்ரோலைக் கீழே இறக்க வேண்டிய அவசியமில்லை. சரியான வகையைத்தான் நிரப்பினீர்கள், ஆனால் அந்தப் பங்க்கை விட்டு வந்ததிலிருந்து தட்டுகிறது, திணறுகிறது என்றால் அது வேறு சங்கதி. பெட்ரோலில் தண்ணீரோ வேறு எதுவோ கலந்திருக்கலாம். அந்த பில்லையும் டேங்க்கிலிருந்து எடுத்த கொஞ்சம் பெட்ரோலையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். பில் இல்லாமல் போனால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.